நுரை அடங்காத பாட்டில்

வெங்கடேஸ்வரனின் பாட்டிலில் இன்றைக்கும் நுரை குறைந்திருந்தது. அனந்தநாராயணனுக்கு வயிறு எரிந்தது.

இருவரும் செம்பூரில் ஒரு சோப்புப் பவுடர் கம்பெனியில் கெமிஸ்டுகள். ஆறு குளமெல்லாம் சோப்பு நுரை கரையாமல் நிற்கிறதென்று சீமையில் கூச்சல் கிளம்பியதும், நம் மானேஜருக்கும் ஜுரம் பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு புதுப் பவுடர் செய்து, அவரவர் கொண்டுவரும் ஆற்றுத் தண்ணீரில் கரைத்து வைக்கச் சொல்லிவிட்டார். தண்ணீரிலுள்ள கிருமிகள் பவுடரைத் தின்று தீர்த்துவிட்டால், பாட்டிலை எவ்வளவு குலுக்கினாலும் நுரை வராது. எவர் நுரை அடங்குகிறதோ அவருக்கு சீஃப் கெமிஸ்ட் நாற்காலி.

அனந்தநாராயணனின் நுரையோ கும்பகோணத்து காப்பி மாதிரி பொங்கி நின்றது.

வெங்கடேஸ்வரன் குடியிருப்பது மாட்டுங்காவில் அதே கட்டடத்தின் மேல்மாடியில். அவன் மனைவி ஷ்யாமளாவின் டிரான்சிஸ்டர் பாடினாலே இவருக்குச் சாப்பாடு இறங்காது. இனி அவனை ‘சார்’ என்று வேறு கூப்பிட வேண்டுமா? அதற்கு விரார் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டே உயிரை விடலாம்.

தண்ணீர் பழசாகியிருக்கும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை குர்லாவுக்குப் போய் ஆற்றில் புதுத் தண்ணீர் பிடித்து வந்தார். மனைவி அகிலாண்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை உள்ளே வாங்கிப் போனாள். மறுநாள் காலையில் பாட்டிலைத் துணியில் சுற்றி, டிபன் பாக்ஸோடு பையில் வைத்துக் கொடுத்தாள். லேபில் பிரித்துப் பார்த்தால் தண்ணீர் தெளிந்திருந்தது. வண்டல் அடங்கிவிட்டதென்று சந்தோஷப்பட்டார். நுரை மட்டும் அடங்கவில்லை.

அடுத்த வாரம் வேட்டியை மடித்துக்கட்டி, முழங்கால் சேற்றில் இறங்கி, மை மாதிரி இருந்த தண்ணீரை மொண்டு வந்தார். அதுவும் அகிலாண்டத்தின் கை வழியாகத்தான் லேபுக்குப் போனது. நுரை முன்னைவிட உயரமாக எழும்பியது.

அப்புறம்தான் புத்தி கெட்டது. எல்லாம் அவன் பவுடரின் மகிமை என்று முடிவு கட்டினார். கடைசிப் பரீட்சைக்கு இருவரும் புதுப் பாட்டில் வைக்கும் நாள், வெங்கடேஸ்வரன் டிபனுக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு டப்பாவிலும் இருந்த பவுடரை மாற்றிப் போட்டார். மனசு குளிர்ந்தது.

பத்து நாள் கழித்து மானேஜர் வந்து இரண்டு பாட்டிலையும் குலுக்கினார். வெங்கடேஸ்வரன் பாட்டிலில் பேருக்குக்கூட ஒரு குமிழி இல்லை. அனந்தநாராயணன் பாட்டிலில் நுரை மூடியை முட்டியது.

அங்கே மாயமாகக் கரைந்தது தாமே செய்த பவுடர். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். மானேஜர் கை கொடுத்தார். புது சீஃப் கெமிஸ்டுக்கு இவரும் கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, வெட்கத்தை விட்டு அகிலாண்டத்திடம் எல்லாவற்றையும் கொட்டினார். என் பவுடரிலும் குற்றமில்லை, அவன் பவுடரிலும் குற்றமில்லை, அப்படியானால் தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று புலம்பினார்.

அகிலாண்டத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஏன்னா, நம்மாத்துத் தண்ணியைக் குத்தம் சொல்லாதேங்கோ. மாடியில ஷ்யாமளாதான் அந்தச் சாக்கடையை அப்படியே குடுத்து அனுப்பறா. நான் ஒவ்வொரு தடவையும் தளதளன்னு கொதிக்கவெச்சு, துணியில வடிகட்டியாக்கும் குடுத்தேன்!”