பதினெட்டு நாட் காற்று

"எழுந்திருப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"முடியாது" என்றார் ஆதிகேசவன். மகன் நரேஷ் கடலுக்குக் கொண்டுபோகிற ஆளுயரப் பையின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நரேஷுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. நாலு மாதமாக வெள்ளிக்கிழமையானால் பையைத் தூக்கிக்கொண்டு மங்களூர்ப் பக்கம் போய்விடுகிறான். கேட்டால் கைட் சர்ஃபிங் என்கிறான். இடுப்பில் ராட்சசக் காத்தாடியைக் கட்டிக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, காற்று இழுத்த பக்கமெல்லாம் கடல் மேல் ஓடுவதாம். அதற்கு ஒரு ஸ்கூலாம்.

ஆதிகேசவன் முப்பத்தைந்து வருடம் பிளம்பராக இருந்தவர். தான் போட்ட ஜாயின்டையே மறுநாள் போய்த் தடவிப் பார்க்கிற ஆள். பெண்டாட்டி லட்சுமம்மாவையும் அப்படித்தான் பார்த்தார். வேலைக்குப் போனால் பின்னாலேயே போனார். பத்து நிமிஷம் தாமதமானால் யாரோடு பேச்சு என்றார். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஒரு பையோடு போனாள். திரும்பவில்லை. அவள் பேரை எடுத்தால் சோறு கிடையாது என்பது அன்றிலிருந்து வீட்டுச் சட்டம்.

நீலசந்திரா ஏரியா வீட்டில் மிச்சம் இருப்பது இந்த ஒரு பிள்ளை. மறுபடியும் வெள்ளிக்கிழமை, மறுபடியும் பை. விடுவாரா?

"மாடி வீட்டு சௌம்யா என் போன்ல காத்து பார்க்கிற ஆப்பு போட்டுக் குடுத்திருக்கா. காத்து வேகத்துக்கு நாட்டுன்னு கணக்காம். காத்தாடி எழும்பப் பன்னெண்டு நாட்டாவது வேணுமாம். உன் கடற்கரையில இன்னிக்கு ஆறு. ஆறு நாட்டுல என்னத்தடா பறக்க விடுவே?"

நரேஷ் பையின் மேல் எழுதியிருந்ததைக் காட்டினான். "ஸ்கூல் நம்பர் பையிலயே இருக்கு. நீயே கேளு."

கேட்டார். நாலைந்து ரிங் போனபிறகு ஒரு பெண்பிள்ளை எடுத்தாள்.

"காளி ஹேங்கிதே?" என்று காற்று எப்படி எனக் கேட்டார். தன் மகன் நரேஷ் அங்கே வரணும் என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அப்புறம் கரகரத்த குரல் வந்தது.

"காத்து ஜோரா இருக்கு. அனுப்புங்க."

அவர் கன்னடத்தில் கேட்டார். அவள் தமிழில் பதில் சொன்னாள். ஆயுளில் அவர் சந்தேகப்படாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

"எத்தனை நாட்டு?"

"ம்... பதினெட்டு."

"ஆப்புல ஆறுன்னு இருக்கு."

"ஆப்புக்கு மூக்கா இருக்கு? இங்க முந்தானை நிக்க மாட்டேங்குது." பின்னாலேயே நீளமாக ஒரு இருமல்.

இதுவல்லவா பேச்சு என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து வழிவிட்டார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்தார். ஆப்பில் நாலு இருந்தாலும் அவள் பதினெட்டு. ஒன்பது இருந்தாலும் பதினெட்டு.

"ஏம்மா, உங்க ஊர்க் காத்துக்கு வேற நம்பரே கிடையாதா?"

"பத்தலையா? இருபதுன்னு வெச்சுக்குங்க. பையன் சாப்பிட்டானா? நீங்க?"

"அது எதுக்கு உனக்கு? காத்தை மட்டும் சொல்லு."

சொன்னாரே தவிர, வியாழக்கிழமையே போனை ஃபுல் சார்ஜ் போட்டு வைக்க ஆரம்பித்தார். அவரை எதிர்த்துப் பேச அந்தத் தெருவில் வேறு ஆள் இல்லை.

மழைக்காலம் பிடிக்கிற சமயம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஆப் முழுக்கச் சிவப்பு. முப்பத்திநாலு நாட். திறந்த கடல், மறைப்புக்கு ஒரு பாறை கிடையாது. உடனே நம்பரைப் போட்டார்.

"காத்தே இல்லீங்க" என்றாள் அவள். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "இலை அசையலை. அனுப்புங்க."

"காத்தே இல்லைன்னா காத்தாடிக்காரன் எதுக்கு வரணும்?"

"...பதினெட்டு."

பிடிபட்டுவிட்டாள்! "பொய்க்காரி! உங்க ஃபீஸுக்கு என் புள்ளையைக் கடல்ல தள்ளப் பார்க்கறியா?"

"இந்த ஒரு தடவை மட்டும் அனுப்புங்க..."

வைத்துவிட்டார். பையைச் சைக்கிள் செயினால் குழாயோடு கட்டினார்.

"பை வேணாம்பா. சும்மா போயிட்டு வரேன்" என்றான் நரேஷ்.

வாசலைப் பூட்டிச் சாவியைப் பட்டாபட்டி டிராயர் பாக்கெட்டில் போட்டார்.

"அப்பா, இந்த வாரம் போயே ஆகணும். ஞாயித்துக்கிழமை வந்துடறேன், சத்தியமா."

"சத்தியம் பண்ணிட்டுப் போன ஆளை எனக்குத் தெரியும்."

நரேஷ் பூட்டை இழுத்துப் பார்த்தான். சனிக்கிழமை முழுக்கச் சாப்பிடவில்லை. ஞாயிறு காலையில் அவன் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு அவர் முன்னால் வந்து கையை நீட்டினான். அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். பையைக்கூட எடுக்காமல் போனான்.

அன்றைக்கெல்லாம் அவனிடமிருந்து போன் இல்லை.

திங்கட்கிழமை செயினை அவிழ்த்துப் பையைத் திறந்தார். காத்தாடியும் இல்லை, பலகையும் இல்லை. ஒரு கம்பளி, ஹார்லிக்ஸ், இரண்டு பாட்டில் இருமல் மருந்து, புது நைட்டி.

"அதானே பார்த்தேன்! பொம்பளை விவகாரம்!" என்று தொடையில் தட்டினார். அந்தப் பொய்க்காரியும் இதில் கூட்டு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று போன் போட்டார்.

ஆண்குரல் எடுத்தது. ரயான், காத்தாடி சொல்லிக்கொடுக்கிறவன் என்றான் அரைகுறைத் தமிழில்.

"காத்து சொல்ற அந்தம்மாவைக் கூப்பிடு."

"சமையல் லட்சுமம்மாவா சார்? நேத்து காலையில தவறிட்டாங்க. நரேஷ் சார் சுடுகாட்டுல இருக்கார். அவரோட அம்மாவாச்சே."

"பதினெட்டுன்னு சொன்னாளே..." என்றார் ஆதிகேசவன்.

"ஓ, வெள்ளிக்கிழமை காத்து கேக்கறவரா சார் நீங்க? கடைசி ரெண்டு நாளும் எங்கிட்ட ஒண்ணேதான் கேட்டுட்டு இருந்தாங்க: 'எத்தனை நாட்டுன்னு சொன்னா அந்த மனுஷன் புள்ளையை அனுப்புவாரு?'"