தபசு காலத்தில் சொல்லாத பல்வலி

சேசு மரி சூசை

சாந்தோம்,
20.4.1998

அன்புள்ள தம்பி ஸ்தனிஸ்லாசுக்கு,

அக்கா ஆலிஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், நான் வலது பக்கத்தில் மட்டும் சுகம். கொட்டிவாக்கத்தில் உன் வீட்டாரும், மாடிப்படியில் சறுக்கிய உன் சம்பந்தியின் முட்டியும் சுகமா?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் பேரன் மேத்யூ பல் டாக்டர். நவம்பரில் என் தாடை எலும்பில் ஆணி இறக்கிக் கட்டிய பல்லை அவனே பிடுங்கிவிட்டான் என்று நீ கோயில் வாசலில் சொல்லிச் சிரித்தாயாமே, மருமகள் சோஃபியா வந்து சொன்னாள். அது அவன் தன் கையால் வைத்த முதல் ஆணி. தாத்தா முறையான நீயே இப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளையிடம் இனி யார் வாயைத் திறப்பார்கள்?

நடந்தது இதுதான். விபூதிப் புதன் அன்றே அந்த இடம் வலிக்க ஆரம்பித்தது, தபசு காலத்தில் வலியை வெளியே சொல்லலாமா, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு நாற்பது நாளும் கஞ்சியை வலது பக்கமே தள்ளி, அவன் கேட்டபோதெல்லாம் "கல்லு மாதிரி இருக்குடா" என்று சொல்லி, உள்ளே சீழ் வைத்து, ஈஸ்டர் அன்று ஆட்டுக்கறியைக் கடித்தேனா, ஆணி ஆடியது, பக்கத்துப் பல்லும் கூடவே ஆடியது. அவன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "வலிச்சா சொல்லுன்னு சொன்னேன் இல்ல பாட்டி?" என்றான். "தபசு காலத்துல வலிச்சா எவளாவது சொல்லுவாளாடா?" என்றேன். ஆணியை எடுத்துவிட்டான். அதைச் சுற்றி எலும்பு கிண்ணம் மாதிரி கரைந்திருக்கிறதாம், பக்கத்துப் பல்லின் வேர் ஒரு பக்கம் பிடிமானம் இல்லாமல் நிற்கிறதாம், அதை அடுத்த பல்லோடு மெல்லிய கம்பியால் கட்டியிருக்கிறான். குழி தூர ஆறு மாதம் ஆகும், ஆனாலும் எலும்பு பழைய உயரத்துக்கு வராது என்கிறான். ஆகவே தப்பு என்னுடையது. நீ சிரித்த அதே கோயில் வாசலில் நின்று இதைச் சொல்லிவிட்டு, உன் சொத்தைப் பல்லோடு சனிக்கிழமை அவனிடம் போய் உட்கார வேண்டும்.

மாதா உங்கள் எல்லோரையும் பல்லும் எலும்புமாகக் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
ஆலிஸ்

பின்குறிப்பு: ஒட்டப் போகும்போது மேத்யூ வாங்கிப் படித்துவிட்டான். "தபசும் இல்ல, ஒண்ணும் இல்ல பாட்டி. நான்தான் ஆணியைச் சாய்ச்சு, பக்கத்துப் பல்லை ஒட்டி வெச்சுட்டேன். பெரிய டாக்டர்கிட்டயே ஒத்துக்கிட்டேன்" என்கிறான். ஆகவே மேலே எழுதியது எதுவும் சரியில்லை. ஆனாலும் கோயில் வாசலில் நீ மேலே எழுதியதையே சொல். ஆறு மாதம் கழித்து நான் மறுபடியும் அவனிடம்தான் ஆணி வைத்துக்கொள்வேன். அதற்குள் பிள்ளைக்குக் கை பழகட்டும், நீ முன்னால் போ.