வெண்ணெய் எடுத்த மினிலாரி

ஒரு காட்டில் என் பிழைப்பைக் கெடுத்தவன் குரங்கு மெக்கானிக் சங்கிலிமுத்து. பெயரை முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக்கூடாது.

நான் கரடி. எருமைகள் கறக்கும் பாலை மினிலாரியில் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் பூனையக்கா டீக்கடைக்குத் தினமும் கொண்டுபோவேன். ஏற்றத்தில் வண்டி திணறும். கழுதை நடந்தே என்னை முந்தும். "இன்னும் ஒரு நாள் பிந்தினா பால் நடை கழுதைக்குத்தான்" என்று பூனையக்கா சொல்லிவிட்டாள்.

பட்டறைக்குப் போனேன்.

"கேம்ஷாஃப்டை மாத்திடலாம்ணே," என்றான் சங்கிலிமுத்து.

எஞ்சின் எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்வது அதுதான். கம்பெனி போட்டது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வெளிக் கம்பெனிகள் செய்த வேறு இரண்டை எடுத்துக் காட்டினான். ஒன்று, மெதுவாகப் போகும்போதே சுமையை இழுக்கும். மற்றது பந்தய வண்டிக்கானது. எஞ்சின் அலறினால்தான் இழுக்கும்.

"முதல்ல காட்டினதே போதும்ப்பா. தினமும் ஓடுற வண்டி," என்றேன்.

எங்கள் காட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் பானெட்டைத் திறந்தால், வண்டி இல்லாதவர்கள் எல்லாம் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள்.

"வாங்குறதுன்னா பெரிசா வாங்கணும்," என்றது எலி.

"சத்தம் கேட்டா நாலு பேர் திரும்பிப் பாக்கணும்," என்றது மயில்.

"வேகம் இல்லாம என்ன வாழ்க்கை?" என்றது நத்தை.

நத்தை சொன்னதைத்தான் நம்பினேன். அனுபவப்பட்டுச் சொன்னதுபோல் இருந்தது.

பந்தய கேம்ஷாஃப்ட் ஏறியது. "பழசை எடுத்து வைக்கிறேன்ணே. பிடிக்கலைன்னா திருப்பி மாட்டித் தர்றேன்," என்றான் சங்கிலிமுத்து.

சாவியைத் திருப்பினேன். லாரி நின்ற இடத்திலேயே சாமி ஆடியது. எலி கைதட்டியது.

மலைப்பாதை குறுகல். முன்னால் கழுதை. ஹாரன் அடித்தேன்.

"அவசரமாண்ணே?" என்று கேட்டது. ஒதுங்கவில்லை.

கழுதை வேகத்துக்குப் போனால் எஞ்சின் அணைந்தது. அணையாத நேரமெல்லாம் குலுங்கியது. அப்படியே மலை ஏறி இறங்கினேன்.

பூனையக்கா கேனைத் திறந்தாள். "என்னய்யா இது?"

"பால்தான்க்கா."

"பால் உருண்டை உருண்டையா மிதக்குமா? வெண்ணெயில நான் டீ போடவா?"

பால் நடை கழுதைக்குப் போனது.

மத்து இல்லாமலே வெண்ணெய் எடுத்த செய்தி காடு முழுக்கப் பரவியது. சங்கிலிமுத்துவுக்குப் பாராட்டு விழா, பொன்னாடை. விழாவுக்குத் தலைமை நத்தை. அது இன்னும் மேடைக்கு வந்து சேரவில்லை.

என் லாரி இப்போது எங்கும் போவதில்லை. பட்டறை வாசலில் நின்றபடி ஆடி, எல்லோருக்கும் வெண்ணெய் எடுக்கிறது. "பழசை மாட்டிக் குடுடா, நான் பால் ஓட்டணும்," என்று தினமும் போய்க் கேட்கிறேன்.

"நல்லா ஓடுற வண்டியில கை வைக்கலாமாண்ணே?" என்கிறான், பொன்னாடையில் கையைத் துடைத்துக்கொண்டே.

நீதி: உன் வண்டிக்கு எது பொருந்தும் என்று வண்டி இல்லாதவர்களிடம் கேள். தப்பாகவே போனாலும் யாராவது ஒருவருக்குப் பொன்னாடை கிடைக்கும். அந்த ஒருவர் நீ இல்லை. டேய் சங்கிலிமுத்து, என் பழைய கேம்ஷாஃப்ட் எங்கேடா?