இருபத்தொரு பாட்டில் திராட்சைக் கொத்து

என் சீனி மாமாவுக்கு,

பாண்டீஸ்வரி எழுதிக்கொண்டது. இங்கு நானும் ஆடுகளும் சுகம். பதிலுக்கு உங்க சுகத்தைக் கேக்கணும். நீங்க போய் ஏழு மாசமாச்சு, என்னத்தக் கேக்க? ஊருக்கு நீங்க ஒச்சாண்டி, எனக்கு மட்டும்தான் சீனி, அதனால தபால்ல போட்டாலும் இது சேராது. ஆனாலும் எழுதுறேன். நம்ம உமா மக அபிதா கல்யாணத்துல நடந்த கூத்தை யாருட்டச் சொன்னாலும் உங்க பேரு வந்ததும் அழ ஆரம்பிச்சிடுறாக, சிரிப்பு வர்ற இடம் வரைக்கும் போக விடமாட்டேங்குறாக. நீங்கதான் முழுசாக் கேப்பீக. அஞ்சாப்பு எழுத்து, பொறுத்துக்கங்க.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால உங்க தங்கச்சி உமா போன் போட்டுச்சு. "மதினி, தாய்மாமன் சீரு உங்க வீட்டுல இருந்துதான் வரணும். ஆனா நீங்க முன்வரிசையில உக்காந்துக்கங்க, சீர நம்ம அய்யாத்துரை அண்ணன் பிடிக்கட்டும், எங்க வீட்டுப் பெரியவுக அப்படிச் சொல்றாக"ன்னு இழுத்துச்சு. தாலி இல்லாதவ சீரு தூக்கக் கூடாதாம். நீங்க அபிதாட்ட என்ன சொன்னீக? "குட்டிக் குட்டி பாட்டில்ல பொக்கே கட்டி நானும் உங்க அத்தையும் கையில குடுப்போம்"னு. சரி, பொக்கேயாவது நம்ம வாக்குப்படி போகட்டும்னு கம்பத்துல பன்னீர் திராட்சை ஜூஸ் இருபத்தொரு குட்டி பாட்டில் வாங்கியாந்தேன். யூடியூப்ல ஒரு பொண்ணு ஊதா ஜிகினாப் பேப்பரச் சுத்தி, குச்சியில ஒட்டி, அஞ்சு நிமிசத்துல முடிச்சிருச்சு. அது காலி பாட்டிலுன்னு எனக்கெங்க தெரியும்? பக்கத்து வீட்டு எப்சிபா டீச்சர் குடுத்த க்ளூ கன், அதான் பசைத் துப்பாக்கி, அதால ஒட்டி வச்சுட்டு அடுப்படிக்குப் போனேன். டொக்கு டொக்குன்னு சத்தம். யாரோ கதவத் தட்டுறாகன்னு போய்த் திறந்தேன். ஆளில்ல. பாட்டிலு விழுந்திருக்கு. மறுபடி டொக்கு, மறுபடி ஓடித் திறந்தேன். ரெண்டாவது தடவை யாருன்னு நெனச்சுத் திறந்தேன்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறந்தான் புத்தி வந்துச்சு. இத்தனை வருசம் தோட்டத்துல கொடி கட்டுன கைக்கு எதுக்குத் துப்பாக்கி? சணல எடுத்து ஒவ்வொரு பாட்டிலு கழுத்தையும் கட்டி, பச்சை ரிப்பன்ல எலை வச்சேன். அச்சு அசல் திராட்சைக் கொத்து. ஒரே குறை, பொக்கே மேல பாத்து நிக்கும், நம்மது கீழ பாத்துத் தொங்குது. தேனி பஸ்ஸுல கம்பியில மாட்டி விட்டேன். ஒரு பெரியவரு ஊதாப் பேப்பர விலக்கிப் பாத்துட்டு, "ஏத்தா, கடைய இவ்வளவு வெள்ளனத் தொறந்துட்டாகளா?"ங்குறாரு. "கல்யாணச் சீரு"ன்னேன். "குடுத்து வச்ச மாப்பிள்ளை"ன்னு பெருமூச்சு விட்டாரு.

மண்டப வாசல்ல அய்யாத்துரை கொழுந்தனாரு வாங்குனாரு. ரோசாப்பூ மாதிரி நிமித்திப் பிடிச்சாரு பாருங்க, ஒரு பாட்டிலு நழுவித் தவில்காரரு மடியில விழுந்துச்சு, இன்னொண்ணு உமா வீட்டுக்காரரோட அண்ணன் சுந்தரலிங்கம் காலடியில ஒடைஞ்சு, வெள்ளை வேட்டி முழங்கால் வரைக்கும் ஊதா. அவருதான் நான் தூக்கக் கூடாதுன்ன பெரியவரு. "இது சீரா, வெடிகுண்டா? ஓரமா வைங்கப்பா!"ன்னு கத்துனாரு. தவிலே நின்னு போச்சு.

மேடையில இருந்து அபிதா எந்திரிச்சுட்டா. "பெரியப்பா, அத்தைக்குத்தான அதப் பிடிக்கத் தெரியும்? அவுக கொண்டாரட்டும். அது வர்ற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்." ஐயரு கடிகாரத்தப் பாக்காரு. உமா ஓடியாந்து, "மதினி, நீங்களே பிடிங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்"னுச்சு. நான் பிடிச்சேன். ஒரு பாட்டிலு அசையல. மேளம் முழங்க நடந்து போய் அந்தப் புள்ள கையில குடுத்தேன் மாமா. தாலி ஏறுன கையோட வந்து எங்க கால்ல விழுந்தா. எங்கன்னு எழுதிட்டேன் பாருங்க. என் கால்ல.

அங்கன எங்கப்பாவப் பாத்தா நான் விசாரிச்சதாச் சொல்லுங்க, பழைய வரப்புச் சண்டைய ஆரம்பிக்காதீக. பொண்ணு மாப்பிள்ளைய இருந்த எடத்துல இருந்தே வாழ்த்துங்க.

உங்க
பாண்டீஸ்வரி

பின்குறிப்பு: மேல ஒரு பொய் இருக்கு. அய்யாத்துரை மேல ஒரு குத்தமும் இல்ல. ரெண்டு பாட்டிலுக்கு மட்டும் நிமித்துனா அவுந்துக்கிடுற முடிச்சு போட்டது நான்தான். ரெண்டு போனாலும் பத்தொம்பது, ஒத்தைப்படைதான். நான் தூக்குனப்பவும் எதாச்சும் நழுவுனா ஆகாதுன்னு மிச்சச் சணல் நுனியெல்லாம் உள்ளங்கையில இறுக்கிக்கிட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு இருந்தேன். பந்தியில பக்கத்துல உக்காந்த பண்ணைப்புரத்து மொக்கம்மா அக்கா, அவுகளும் என்னைய மாதிரிதான், மெதுவாக் காதுல சொன்னாக: "அடுத்த மாசம் என் மகளுக்கு வளைகாப்பு. என்னைய ஓரமா உக்காரச் சொல்றாக. எனக்கும் ஒரு பொக்கே கட்டிக் குடு தாயி, அதே மாதிரி." சணல் வாங்கியாச்சு, பாட்டிலும் வந்திருச்சு. இதுல எத்தனை முடிச்சை அவுர்ற மாதிரி போடட்டும், மாமா?