சிக்னல் சித்தரின் நீல விளக்கு

செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் சிக்னல் சித்தர் அருள்பாலிக்கத் தொடங்கியதிலிருந்து கடைக்காரருக்குத் தலைவலி. செருப்பு வாங்குகிறவர்களைவிட, மாடிப்படியில் செருப்பைக் கழற்றிப் போடுகிறவர்களே அதிகம். லேப்டாப்பைக் காய்ச்சல் கண்ட குழந்தைபோல நெஞ்சோடு அணைத்தபடி படிக்குப் படி ஆட்கள். வக்கீல், பல் டாக்டர், கட்டட என்ஜினியர். படித்தவர்களுக்கென்று தனியாக ஒரு சாமியார் வேண்டாமா?

"காத்துல கெட்ட அலை திரியுது. மெஷினுக்குள்ள புகுந்துடுச்சுன்னா நெட்டு நிக்காது" என்பார் சித்தர். கெட்ட அலைக்கும் நல்ல அலைக்கும் என்ன வித்தியாசம் என்று யாரும் கேட்கவில்லை. என்ஜினியர்கூடத் தலையை ஆட்டினார்.

மாலையில் நெட் மெதுவாக இருக்கிறதே என்று முதன்முறை வருகிறவர்களுக்கு ஒரு 'காப்பு' இலவசம். கட்டைவிரல் அளவு சொருகி. லேப்டாப்பின் பக்கத்துத் துளையில் செருகினால் நீல விளக்கு எரியும். ஓசியில் கிடைத்ததை யார் வேண்டாம் என்பார்கள்? செருகிக்கொண்டு போனவர்கள் சில நாளில் அலறியடித்துத் திரும்பி வருவார்கள். முன்பு மெதுவாக வந்த நெட் இப்போது அறுந்து அறுந்து விழும்.

"பாத்தியா? காப்பு இருக்கும்போதே இந்தப் பாடு. காப்பு இல்லாட்டி?"

பிறகு கறுப்புத் துணியால் லேப்டாப்பை மூடுவார். கையை உள்ளே விட்டு முணுமுணுப்பார். துணியை விலக்கினால் நெட் பறக்கும். காப்பைத் திரும்பச் செருகி, ஆசியோடு கொடுத்தனுப்புவார். வெளியே போகிறவர்கள் இடித்துக்கொள்ளும்படி வாசலிலேயே காணிக்கைப் பெட்டி. அடுத்த வாரம் அதே முகம், அதே படி, அதே பெட்டி.

அப்படி வந்துகொண்டிருந்தவர்களில் ஒருத்தி, வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் டீச்சர். பின்னத்தைப் பாதியில் வெட்டிக்கொண்டு நெட் போய்விடும். இன்னொரு வகுப்பு அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அவளைச் சித்தரிடம் அழைத்துப்போனவர் அவள் கணவர்.

ஊரிலிருந்து வந்திருந்த தங்கை ஒரு நர்ஸ். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"எப்பத்துலேர்ந்துக்கா இப்படி?"

"காப்பு வாங்கினதுக்கு அப்புறம்தான் ரொம்ப மோசம்டி."

"புது மாத்திரை குடுத்ததும் நோயாளிக்கு உடம்பெல்லாம் தடிச்சா, நாங்க முதல்ல அந்த மாத்திரையைத்தான் நிறுத்துவோம்."

"சாமி விஷயத்துல விளையாடாதம்மா" என்றார் கணவர்.

"நான் சாமியைத் தொடலை மாமா. சொருகியைத்தான் தொடறேன்."

பிடுங்கினாள். நெட் அறுபடாமல் நிலைத்து நின்றது. செருகினாள். சிறிது நேரத்தில் அறுந்தது. மறுபடி பிடுங்கினாள், வந்தது. பிறகு லேப்டாப்பில் உள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். காப்பு செருகியிருந்தபோது நெட்வொர்க் கார்டு இரண்டு, பிடுங்கியதும் ஒன்று. நெட்டைப் பிடிக்க லேப்டாப்புக்குள் பிறவியிலேயே ஒரு கார்டு. காப்பு என்பது மட்டரகமான இரண்டாவது கார்டு. இரண்டும் ஒரே இணைப்புக்கு அடித்துக்கொண்டன.

"ஒரே நோயாளிக்கு ரெண்டு டாக்டர், ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் கிழிக்கறாங்க. அவ்வளவுதான்க்கா."

கணவர் நம்பவில்லை. "அப்ப சித்தர் துணி போட்டா மட்டும் எப்படி சரியாகுது?"

"நாளைக்கு அவர்கிட்டயே கேட்டுடுவோம்."

மறுநாள் வகுப்பு நேரத்திலேயே மூவரும் போனார்கள். காப்பைப் பிடுங்கிவிட்டு, தங்கையின் போனிலிருந்து நெட் வாங்கி வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த லேப்டாப்பை அப்படியே ஒரு துண்டில் சுற்றித் தங்கை சித்தர்முன் வைத்தாள்.

"சாமி, இதுல என்ன கோளாறுன்னு பிரிக்காமலே சொல்ல முடியுமா?"

கூட்டம் பார்க்கிறது. முடியாது என்றால் சித்தர் எப்படி? துண்டின்மேல் கையை வைத்தார். உடம்பை உலுக்கினார்.

"ஐயோ... கெட்ட அலை சம்மணம் போட்டு உக்காந்திருக்கு! நெட்டு மூச்சுத் திணறுது! கேக்குதா?"

கேட்டது. துண்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல்: "டீச்சர், யாரோ அழறாங்க!"

தங்கை துண்டை விலக்கினாள். திரை முழுக்கப் பிள்ளைகள்.

"டீச்சர், அந்தத் தாடி அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா?"

படிவரைக்கும் சிரிப்பு. சித்தர் லேசுப்பட்டவரல்ல, சமாளித்தார். "என் கை பட்டதும் ஓடிப்போச்சு, பாத்தீங்களா!"

"ஓடினது ஓடினதாவே இருக்கட்டும்" என்று தங்கை காப்பைச் செருகினாள். நீல விளக்கு பளிச்சென்று எரிந்தது. டீச்சர் ஒரு கணக்கைப் பாதி சொல்வதற்குள் பிள்ளைகள் திறந்த வாயோடு உறைந்து நின்றார்கள். பிடுங்கினாள். வாய்கள் மூடின, கூச்சல் திரும்பியது.

"துணிக்குள்ள சாமி கை இதைத்தான் செய்யுது. பிடுங்கிட்டு நெட்டைக் காட்டுறது, அப்புறம் திரும்பச் செருகி அனுப்புறது. நம்பாதீங்க. அவரையும் நம்பாதீங்க, என்னையும் நம்பாதீங்க. உங்க உங்க காப்பை நீங்களே பிடுங்கிப் பாருங்க."

முதலில் பல் டாக்டர் பிடுங்கினார். அவருக்குப் பிடுங்குவது பழக்கம். பிறகு வக்கீல். பிறகு படிக்குப் படி பிடுங்கல். ஒவ்வொரு லேப்டாப்பாக உயிர்பெற்று, தேங்கிக் கிடந்த செய்திகள் டிங் டிங்கென்று கொட்டின. என்ஜினியர் காப்பின் பிளாஸ்டிக் கூட்டை நகத்தால் பிளந்தார். உள்ளே பச்சைத் தகடு. அதன்மேல் 'நெட்வொர்க் கார்டு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. பிளந்து பார்க்கத்தான் இவ்வளவு நாள் ஆளில்லை.

சித்தர் தியானத்துக்கு என்று எழுந்து பின்கதவு வழியாக நழுவினார். கீழே செருப்புக் கடைக்காரர் அவரை மடக்கிப் பிடித்துக்கொண்டார்.

டீச்சரின் கணவருக்கு மட்டும் இன்னும் ஒரு சந்தேகம். "அந்த நீல விளக்கு எதுக்கும்மா?"

"நீங்க பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு மாமா."

டீச்சர் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து, விட்ட கணக்கைத் தொடர்ந்தாள். கூட்டம் மெல்லக் கலைந்தது. ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி நர்ஸிடம் வந்தார்.

"ஏம்மா, இனிமே ஏதாவது கோளாறுன்னா நாங்க யார்கிட்ட போறது? நீங்க எந்தக் கிழமை இருப்பீங்க?"

அவள் சிரித்தாள். பதிலை நாம் சொல்லிவிடலாம்: ஐயா, நெட்டுக்குத்தான் கார்டு வேண்டும்; யோசிப்பதற்கு அதுகூட வேண்டாம்.