வியாதியா, ஸ்ட்ராட்டஜியா?

யாராவது தும்மினால் போதும், மாத்திரையின் பெயரைச் சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒரு ஆள் தயாராக இருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். எனக்கு அதற்குச் சான்றிதழே உண்டு. டி.பார்ம் படித்துவிட்டுப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன். தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் அதை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. "சாப்டியா? நைட்டு தூங்குனியா? தண்ணி குடிக்கிறியா இல்லியா?" என்று எல்லாம் கேட்டுத்தான் விடுவேன். (சிலர் என்னைக் கண்டதும் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும், யாருக்கு நஷ்டம்?)

இப்படிப்பட்டவளுடைய சொந்தத் தம்பி சைமன் படுத்துவிட்டான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தான். காண்ட்ராக்ட் ஆட்களையெல்லாம் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அடுத்துக் கிடைத்த வேலையை ஒரே வாரத்தில் விட்டான். அதற்கப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான், எழுந்திருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரருடைய தறி. பகல் முழுக்கத் தட் தட்டென்று அடித்துக்கொண்டே இருக்கும். "இந்தச் சத்தத்துல எப்பிடிடா தூங்குற?" என்று கேட்டால் "தூங்கலக்கா" என்பான். அன்றைக்கான பேச்சு அதோடு முடிந்தது.

அப்பா இல்லை. அம்மா பட்டுக்கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவள். ஊசியைக் கீழே வைக்காமலேயே அவனுக்காக ஜெபம் பண்ணினாள். பாஸ்டரிடம் எண்ணெய் வாங்கிவந்து நெற்றியில் பூசினாள். நான் சத்து மாத்திரை கொடுத்தேன். வேண்டாமென்று தள்ளினான். சரி என்று அதைப் பொடித்து ரசத்தில் கலந்துவிட்டேன். (மருந்துக்கடையில் நிற்பவள் செய்யக்கூடாத காரியம். அது தெரிந்துதான் செய்தேன்.) செங்கல்பட்டில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார், ஒரு தடவை போய் வரலாம் என்று கெஞ்சினேன். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, உடு" என்றான். ஒன்றும் இல்லாதவன் ஏன் குளிக்காமல் கிடக்கிறான் என்று வாசலில் நின்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறியே ஒரு நிமிடம் நின்றுபோனது.

அவன் விடாமல் வைத்திருந்தது செல்போன் ஆட்டம் ஒன்றைத்தான். விதவிதமான ஜந்துக்களைப் பிடித்து வளர்த்து, இன்னொருவருடைய ஜந்துக்களோடு மோத விடும் ஆட்டம். அந்த வழியாகவாவது அவனிடம் போய்ச் சேரலாம் என்று நானும் அதை இறக்கிக்கொண்டேன். முதலில் சேவல் சண்டை மாதிரி ஏதோ என்று நினைத்தேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அட, இது நம்ம டிபார்ட்மென்ட்!

ஆமாம், அதில் அடிதடியைவிட வியாதிதான் பெரிது. எதிராளியின் ஜந்துவுக்கு விஷம் ஏற்றலாம், தீக்காயம் உண்டாக்கலாம், கைகால் மரத்துப்போகச் செய்யலாம், தூங்க வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தனி அவஸ்தை, தனித் தனி மருந்து. அதோடு ஒவ்வொரு ஜந்துவுக்கும் பிறவிக் குணம் ஒன்று இருக்கும். அந்தக் குணமும் வியாதியும் சேரும்போதுதான் ஆட்டமே. நான் கடையில் கல்லா ஓரமாக உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பார்த்து இதையெல்லாம் கரைத்துக் குடித்தேன்.

ஏனாத்தூரில் ஒரு கல்லூரி விழாவில் இந்த ஆட்டத்துக்கு ஜோடிப் போட்டி வைத்தார்கள். வெளியாட்களும் வரலாம். சைமனிடம் சொன்னேன். சுவர்ப் பக்கமிருந்து பாதி திரும்பினான்.

"வரேன். ஆனா ஒரு ரவுண்டு கூட தேற மாட்டோம்கா. நீ ஆடறது கண்றாவியா இருக்குது."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா நீ சொல்ற டாக்டராண்ட வரேன். தோத்தா அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

ஒரே ஒரு ரவுண்டு. அதை ஜெயித்தால் என் தம்பி டாக்டரிடம் வருவான். எனக்கு வேறென்ன வேண்டும்? அன்றைக்கே அம்மாவை இன்னொரு ஜெபம் போடச் சொன்னேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது, வீடியோக்களில் ஸ்ட்ராட்டஜி என்பார்களே, அது. வீட்டில் பழகும்போதெல்லாம் ஒரு சாதாரண ஆமையை வைத்துக்கொண்டு தோற்றுக்கொண்டிருந்தேன். போட்டிக்கு யாருக்கும் சொல்லாமல் வேறு ஒன்றைத் தயார் செய்தேன். கரடி மாதிரி ஒரு முரட்டு ஜந்து. அதன் பிறவிக் குணம் வெறி. உடம்பில் ஏதாவது வியாதி இருந்தால் அதன் அடி ஒன்றரை மடங்காகும். அதன் கையில் ஒரு விஷ உருண்டையைக் கொடுத்தேன். (குணமும் கையில் இருப்பதும் திரையில் மற்றவர்களுக்குத் தெரியாது.) எல்லா ஜந்துவும் ஒரு தடவை ஆடி ஒரு முறை முடியும்போதெல்லாம் உருண்டை அதற்கே விஷம் ஏற்றிவிடும். விஷம் கொஞ்சம் கொஞ்சமாக உயிரைக் குடிக்கும்தான். ஆனால் அதற்குள் எதிராளிகளை அடித்துத் துவைத்துவிடலாம். இன்னொரு லாபமும் உண்டு. ஒரு ஜந்துவுக்கு ஒரு நேரத்தில் ஒரு வியாதிதான் வரும். விஷம் ஏறிய கரடியை யாரும் தூங்க வைக்க முடியாது.

தம்பியிடம் ஏன் சொல்லவில்லை? அவன் ஆச்சரியப்பட வேண்டும், "அக்கா, நீயா!" என்று வாயைப் பிளக்க வேண்டும் என்ற ஆசை. தவிர, எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொல்கிற வழக்கம் கிடையாது.

போட்டி நாளில் சைமன் குளித்தான். இஸ்திரி போட்ட சட்டை போட்டான். அம்மா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். (கல்யாணத்துக்குப் போகிறவனை அனுப்புவது போல இருந்தது.) பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் நான் உட்கார்ந்துகொண்டேன். காற்றுப் பட்டால் அவனுக்குச் சளி பிடிக்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

கல்லூரி அரங்கில் பெரிய திரை. மேடையில் எங்களைத் தனித்தனி மேஜையில் உட்கார வைத்தார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு ஜோடிகள் பேசக்கூடாது, பேசினால் தோற்றதாகக் கணக்கு. எதிரே கண்ணாடி போட்ட இரண்டு மாணவிகள். பச்சைக் குழந்தைகள் மாதிரி இருந்தார்கள். பாவம் என்று நினைத்தேன்.

முதல் முறை. என் கரடி மேடையேறியதும் சைமன் புருவத்தை உயர்த்திப் பார்த்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் இறக்கியது ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு ஜந்து, பெயர் பஞ்சு. முறை முடிந்தது, உருண்டை வேலை செய்தது, கரடிக்கு ஜோராக விஷம் ஏறியது. இனி அடிதான்.

அடுத்த முறை பஞ்சு தலையை ஆட்டி ஒரு குளிர்ந்த காற்றை வீசியது. கரடியின் விஷம் சுத்தமாக இறங்கிவிட்டது. சைமன் அதற்கு வைத்தியம் பார்த்துவிட்டான்!

விஷம் போனதும் எதிராளியின் காளான் ஜந்து தூக்கப் பொடியைத் தூவியது. என் கரடி குறட்டை விட்டுத் தூங்கிற்று. அடுத்த முறை சைமன் அந்தத் தூக்கத்தையும் தெளிய வைத்தான். கரடி எழுந்து, வெறியில்லாமல், தடவிக் கொடுப்பது போல ஒரு அடி அடித்தது. முறையின் முடிவில் உருண்டை மறுபடி விஷம் ஏற்றியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பஞ்சு மறுபடி காற்று வீசியது. காளான் மறுபடி பொடி தூவியது.

"கரடிக்கு ஒரு நர்ஸே இருக்காங்கப்பா!" என்றாள் மைக் பிடித்திருந்த பெண். அரங்கம் சிரித்தது.

நான் இருமினேன். செருமினேன். தொண்டையைப் பிடித்துக்காட்டி, தலையை வேகமாக ஆட்டி, விஷம், வேண்டாம், எடுக்காதே என்று ஜாடை காட்டினேன். அவன் கூர்ந்து பார்த்தான். விஷம் தாங்க முடியவில்லை, காப்பாற்று என்று புரிந்துகொண்டான் போலும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, நான் இருக்கேன் என்பது போல, லேசாகச் சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்து நான் பார்த்த முதல் சிரிப்பு.

யாராவது புத்தியுள்ளவளாக இருந்தால் அந்தச் சிரிப்போடு எழுந்து வீட்டுக்கு வந்திருப்பாள். ரவுண்டாவது, டாக்டராவது! நானோ, பஞ்சு மறுபடி தலையாட்டுவதைப் பார்த்தேன். எழுந்து நின்றேன்.

"டேய், உன்னை யாருடா குணப்படுத்தச் சொன்னது? எனக்கு அந்த விஷம் வேணும்டா!"

மேஜை மைக் அதை அரங்கத்தின் கடைசி வரிசை வரை கொண்டுபோனது. அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, மாகறல் வரை கேட்டிருக்கும். ஜோடியோடு பேசியதற்காக நாங்கள் தோற்றதாக அறிவித்தார்கள். கண்ணாடி மாணவிகள் என்னிடம் வந்து "சாரிக்கா" என்றார்கள். சைமனின் முகத்தில் சிரிப்பு இல்லை. அது இருந்த இடமே தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் அவனே ஆரம்பித்தான்.

"விஷம் ஏறுனா அது செத்துடும்னு நெனச்சேன்கா."

"அதுக்கு அதாண்டா பலம்."

"சொன்னாத்தான தெரியும்?"

"நீ கேட்டியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீ கேட்டியா? ரசத்துல மாத்திரையப் பொடி பண்ணிப் போடறியே, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"உனக்கு எப்பிடிடா..."

"பி காம்ப்ளெக்ஸ் நாத்தம் தெருவையே தூக்குது. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏண்டா குடிச்ச?"

"நீ பயந்துக்கினு போட்ட. அதான் குடிச்சேன்."

பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் அழுதேன். அவமானத்துக்கு அழுதேனா, ரசத்துக்கு அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்டக்டர் சைமனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பந்தயம் பந்தயம்தான். அவன் டாக்டரிடம் வரவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரசம் வெறும் ரசமானது. அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எதிர்க் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

கொஞ்ச நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல். மாத்திரையோடு பாய்ந்தேன். படுத்த இடத்திலிருந்தே சைமன் குரல் கொடுத்தான்: "கேட்டுட்டுக் குடுக்கா. வியாதியா, ஸ்ட்ராட்டஜியா?"

போட்டிக் கதையை அப்போதுதான் அம்மாவிடம் சொன்னோம். காய்ச்சலோடு சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. அன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்குத் தலைவலித்தாலும், அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும், முதலில் இந்தக் கேள்விதான். அம்மா அதை "வியாதியா, ஸ்டேட்ஜியா" என்பாள். நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாலும் கேட்பாள். (பெரும்பாலும் ஸ்ட்ராட்டஜிதான்.)

நானும் வேலைக்குக் கிளம்பும்போது சைமனின் முதுகைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போவேன். "ஸ்ட்ராட்டஜி" என்பான். "சரிடா" என்று செருப்பை மாட்டிக்கொள்வேன்.

ஒரு காலை வழக்கம் போலக் கேட்டேன். தறிச் சத்தம்தான் கேட்டது. மறுபடி கேட்க வாயெடுத்தபோது, சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"வியாதிதான்கா."

செங்கல்பட்டு பஸ்ஸில் எந்த சீட்டு வேண்டும் என்று கேட்டேன். ஜன்னல் என்றான். கொடுத்தேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "என்ன பண்ணுது?" என்றார். சொல்ல என்னிடம் ஒரு வண்டி விஷயம் இருந்தது. நான் சைமனைப் பார்த்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.