ஓடாத ஊருக்கு வந்த பைலட்

பாண்டிருப்பு,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள இராசதுரை மாமாவுக்கு,

மருமகள் யதுசா எழுதுவது. இங்கே அம்மா சுகம். அப்பா சுகம். நான் சுகம். பைலட் அளவுக்கு மீறிய சுகம். அங்கே மாமியும் பிள்ளைகளும் உங்கள் வேளாண்மையும் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போது சொல்கிறா. அந்த விளக்கையும் பைலட் ஒரு தரம் வாலால் அணைத்துவிட்டது. வேண்டுதல் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும், கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் போனில் கேட்டது ஒரே கேள்வி. "நாய் வீட்டுக்கு ஒத்துவருமா, வராதா? வராட்டிச் சொல்லு புள்ள. ஞாயிற்றுக்கிழமை உழவு மெசின் நாவிதன்வெளியில இருந்து கல்முனைக்கு வருகுது, பெட்டியில ஏத்திக்கொண்டு போறன். வயலுக்குள்ள காட்டுப்பண்டித் தொல்லை, எனக்கு ஆகும்." பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். பைலட்டும் திறந்தது. அதற்குப் பிறகு யார் என்ன கதைத்தோம் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். நாளைக்குச் சந்தைக்கு வரும் உங்கள் பக்கத்து வயல்காரரிடம் கொடுத்துவிடுவேன். இதை வாசித்துவிட்டுத்தான் மெசின் வருவதா இல்லையா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். அது போகக் கூடாது என்பது என் கட்சி. முதலே சொல்லிவிடுகிறேன், நடுநிலையான கடிதத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

போன வருடம் சண்டை முடிந்தது. சுனாமியில் கடல் வந்ததற்காக வந்த நிறுவனங்களும் சண்டைக்காகத் தங்கிய நிறுவனங்களும் பெட்டி கட்டின. நான் வேலை செய்த அலுவலகம் மூடிய அன்று மேசைகள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. தண்ணீர்த் தாங்கி கோயிலுக்குப் போனது. எனக்கு ஒரு நற்சான்றிதழும் அலுவலகத்தைக் காத்த இந்த நாயும் கிடைத்தன. நற்சான்றிதழால் இன்னும் வேலை கிடைக்கவில்லை. நாயால் நாள் முழுக்க வேலை.

பாதி அல்சேசன். பாதி ஊர் நாய். "ரெண்டு பாதியும் சேந்தா இவ்வளவு பெரிசா வராது. உள்ளுக்க ஒரு கண்டுக்குட்டியும் இருக்கு" என்பது அப்பாவின் கணக்கு. அப்பா சைக்கிளில் தபால் கொண்டு திரிந்த மனிதர் என்பது உங்களுக்குத் தெரியும். வேலையில் இருந்து ஓய்வு பெற்றாலும் நாய் இனத்தோடு அவருக்குள்ள வழக்கு ஓய்வு பெறவில்லை. வந்த முதல் நாளே பைலட் பின்னங்காலில் எழும்பி, முன்னங்கால் இரண்டையும் அவர் தோளில் வைத்து, முகத்தோடு முகம் பார்த்தது. அப்பா கல்லாக நின்றார். அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தா. "என்னப்பா, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. நம்மட கலியாணப் போட்டோவுல கூட நீங்க இவ்வளவு கிட்ட நிக்கல்லயே."

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகத் தந்த வீடு. ஒரு ஹோல், இரண்டு அறை, ஒரு குசினி. வரைந்தவர் மனிதர்களை அளந்து வரைந்திருக்கிறார். பைலட் ஹோலுக்குள் வரலாம், திரும்ப முடியாது, லொறி மாதிரிப் பின்னுக்குப் பின்னுக்குப் போய்த்தான் வெளியேற வேண்டும், அப்பா வாசலில் நின்று "வா, வா, வா, ஒடி, ஒடி, ஹோல்ட்!" என்கிறார், அது ஒடிக்கும்போது வால் எதையாவது தட்டும், தட்டியது விழும், விழுந்த சத்தத்துக்குப் பயந்து அது முன்னுக்குப் பாயும், மறுபடியும் முதலில் இருந்து. இதில் பின்னேரங்கள் கழிகின்றன. தொலைக்காட்சி பார்ப்பதை நிறுத்திவிட்டோம். தேவைப்படவில்லை.

ஆனால் மாமா, நான் வேலி வரை போய்த் திரும்பினாலும் டுபாயில் இருந்து வந்தவளை வரவேற்பது போல வரவேற்கிறது! துள்ளுகிறது, சுற்றுகிறது, காணாமல் போன செருப்பை எடுத்துத் தருகிறது (ஒன்றைத்தான், மற்றது எங்கே என்று அதுவும் சொல்வதில்லை). வேலை தேடி அலைந்து வெறுங்கையோடு வருகிறவளுக்கு அப்படி ஒரு வரவேற்பு வேறு எங்கே கிடைக்கும்?

அதற்கு ஒரே ஒரு தேவைதான். ஓட வேண்டும். ஒவ்வொரு நாளும், நன்றாக, நெடுந்தூரம்.

அங்கேதான் சிக்கல்.

இந்தக் கரையில் யாரும் ஓடுவதில்லை. நான் அதைக் கவனித்ததே இல்லை, பைலட் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பஸ் புறப்பட்டாலும் நடக்கிறார்கள். மழை பிடித்தாலும் நடக்கிறார்கள். முன்பு சோதனைச் சாவடிகள் இருந்தன. ஓடுகிறவன் எதையோ செய்துவிட்டு ஓடுகிறவன். பிறகு கடல் வந்தது. கடற்கரைப் பக்கமிருந்து ஒருவர் ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம். இப்போது சாவடிகளைக் கழற்றிவிட்டார்கள். கடலும் தன் இடத்தில் கிடக்கிறது. கால்களுக்கு இன்னும் யாரும் அறிவிக்கவில்லை. மெய்யியல் படித்தவள் அல்லவா, இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாமே என்று யோசித்துக்கொண்டு புதன்கிழமை பின்னேரம் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன்.

பைலட் ஒரு நண்டைக் கண்டது. கயிற்றை நான் கையில் சுற்றியிருந்தேன், அவிழாதபடி, அது என் புத்தி. பைலட் நண்டை முகர்ந்தது, நண்டு மூக்கைக் கவ்வியது, பைலட் ஒரு சத்தம் போட்டது, அந்த உடம்பிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வரும் என்று நீங்கள் நம்ப மாட்டீர்கள், மறுகணம் கடற்கரை வீதியில் மேற்கே பறக்கிறது, நண்டு வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது, அது பைலட்டுக்குத் தெரியாது, பின்னால் நான், ஒரு காலில் செருப்பில்லை, தலைமயிர் அவிழ்ந்து, வாய் திறந்தபடி. மீனவர் சங்கத் தலைவர் நல்லரெத்தினம் அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எழும்பினார். "என்ன புள்ள? என்னத்துக்கு ஓடுறாய்?" மூச்சில்லாமல் "நண்டு! நண்டு!" என்றேன். மாமா, சத்தியமாக நண்டு என்றுதான் சொன்னேன். அவர் காதில் விழுந்தது ரெண்டு. "ரெண்டாம்! ரெண்டு அலையாம்!" வலையை எறிந்துவிட்டு அவரும் ஓடினார், அவரைக் கண்டு மீன் வாங்க நின்ற பெண்கள் ஓடினார்கள், மீன் விற்றவரும் ஓடினார், அடுத்த வளவுக்குப் போவதற்குள் ரெண்டு மூன்றாகிவிட்டது, கடைக் கதவுகள் படபடவென்று விழுந்தன, பைலட்டோ நேரே போகாமல் வடக்கே ஒடித்து மருதமுனைக்குள் இறங்கியது, அங்கே ஒரு ஒழுங்கை முழுக்கத் தறிச் சத்தம் ஒரேயடியாக நின்றது. தறி முதலாளி மீராசாஹிபு காக்கா தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுத்துவிட்டு ஈரக் கையோடு வாசலில் நின்றார். "யா அல்லாஹ்! நாயைப் புடி புள்ள, வுழுவோட நிக்கன்!" என்றவர் எனக்குப் பின்னால் வந்த சனத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு வுழுவும் இல்லை, வாசலும் இல்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பைலட்டோடு தோளுக்குத் தோள் ஓடினார். அவர் மனைவி ஹாஜறா ராத்தா வீட்டிலிருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தா, வயர் பின்னால் இழுபட.

பிரதான வீதிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானம். எல்லோரும் அங்கே வந்து நின்றோம். எங்கள் ஒழுங்கைச் சனமும் வந்து சேர்ந்தது. அம்மா வந்தா. அப்பா வந்தார், கையில் பைலட்டின் அலுமினியச் சோற்றுக் கோப்பை.

"அவசரத்துல கைக்கு அம்பிட்டது" என்றார். யாரும் கேட்கவில்லை.

கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றோம். மூச்சுச் சத்தம். ஒரு குழந்தையின் அழுகை. ஒன்றும் வரவில்லை. நடுவில் பைலட் மட்டும் நாக்கைத் தொங்கவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதன் வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. தன்னோடு விளையாட ஊரே வந்திருக்கிறது.

முதலில் மீராசாஹிபு காக்காதான் கேட்டார். "கடலைக் கண்ட ஆரு?"

"நீங்க ஓடினீங்க, நான் ஓடினன்" என்றா ஹாஜறா ராத்தா.

"நான் நல்லரெத்தினத்தக் கண்டு ஓடினன்" என்றார் காக்கா.

"நான் இந்தப் புள்ளயக் கண்டு ஓடினன்" என்றார் நல்லரெத்தினம் அண்ணன்.

எல்லா முகமும் என் பக்கம். நான் பைலட்டைப் பார்த்தேன். எல்லா முகமும் பைலட் பக்கம்.

"அது?" என்றார் நல்லரெத்தினம் அண்ணன். "அது என்னத்தக் கண்டது?"

"நண்டு" என்றேன். இந்த முறை எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க மாட்டேன். ஏசினார்கள். நியாயமாகத்தான் ஏசினார்கள். பாவு சுற்றும் கிழவர் அபூசாலிக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது, இரண்டு பேர் தூக்கிப் போனார்கள். சிலர் அழுதார்கள், கடல் வரவில்லை என்று தெரிந்த பிறகு. ஹாஜறா ராத்தா இழுபட்ட வயரைச் சுற்றி எடுத்து, விசிறியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனா. ஏசியவர்களை விட அதுதான் எனக்கு வலித்தது. அப்பா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "கேள் மகள். வீடு சின்னன், அதச் சமாளிக்கலாம். நம்மட சோத்தையும் சேத்துத் தின்னுது, அதுவும் போகட்டும். ஆனா ஓடாம அதால இருக்கேலாது. அது ஓடினா சனத்தால இருக்கேலாது. அப்ப எங்க வச்சிருக்கிற?"

மூன்று வருட மெய்யியலில் இதற்குப் பதில் இல்லை. தேடிப் பார்த்தேன்.

ஆகவே மாமா, என் கட்சி தோற்றது. பைலட் எங்கள் வீட்டுக்கு ஒத்துவரும். ஊருக்குத்தான் ஒத்துவராது. மெசினை அனுப்புங்கள். பெட்டியில் ஏற்றும்போது முன்பக்கமாக ஏற்ற வேண்டாம், பிறகு திருப்ப முடியாது. உங்கள் வயல் வெளியில் அது இஷ்டத்துக்கு ஓடட்டும், அங்கே யாரும் பயப்பட மாட்டார்கள், பண்டிகளைத் தவிர. சூடை மீன் தலை என்றால் உயிர். இடி முழங்கினால் யாருடைய காலுக்குள்ளாவது தலையை வைத்துக்கொள்ளும், உதைக்காமல் இருங்கள். வயலிலும் நண்டு இருக்கும் என்று அம்மா சொல்கிறா. வயல் நண்டு சின்னன்தானே, மாமா?

மாமிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். வேளாண்மை பண்டிக்கும் மழைக்கும் தப்பி முழுசாக வீடு வந்து சேரட்டும். உங்கள் முற்றம் நிறையட்டும். எங்கள் முற்றம் ஞாயிற்றுக்கிழமையோடு வெறுமையாகிவிடும்.

இப்படிக்கு,
அழாமல் எழுதி முடித்த மருமகள்,
யதுசா

பி.கு.: மெசின் வேண்டாம்! மாமா, மெசின் வேண்டாம்! மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு வாசியுங்கள். திருப்பி எழுத நேரமில்லை, உங்கள் வயல்காரர் வாசல் படலையடியில் நிற்கிறார்.

சனிக்கிழமை காலை, சற்று முன். நல்லரெத்தினம் அண்ணனும் மீராசாஹிபு காக்காவும் வந்தார்கள். அவர்கள் கதிரையில் இருக்கும் முன்பே அப்பா, "நாளைக்குப் போயிரும், நாளைக்குப் போயிரும்" என்றார்.

"எங்க போற?" என்றார் மீராசாஹிபு காக்கா. கால் இரண்டையும் கதிரைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டார், கண்ணை நாயிலிருந்து எடுக்கவில்லை. "அபூசாலி அனுப்பித்தான் வந்த. கால் வீங்கிக் கிடக்கு, மனிசன் சிரிக்கான். இவ்வளவு வருசமா அவன்ட பயம் கடல் இல்லயாம். திருப்பி வந்தா ஓடேலாமப் போயிருமோ எண்டுதான் பயமாம். இப்ப ஓடிப் பாத்துட்டான். ஏலுது எண்டு ஊரெல்லாம் சொல்லியனுப்புறான்."

"எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது" என்றார் நல்லரெத்தினம் அண்ணன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். முடிவு இது: ஒவ்வொரு நாளும் பின்னேரம், வெயில் தாழ்ந்து, அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிபு பாங்குக்கு முன், பைலட் ஓடலாம். அந்த நேரத்தில் கடற்கரைப் பக்கமிருந்து யார் ஓடி வந்தாலும் அது நாய். கூட ஓட விரும்புகிறவர்கள் ஓடலாம்.

"அந்த நேரத்துல உண்மையாவே கடல் வந்தா?" என்று கேட்டார் அப்பா.

"அப்ப நாம ஏற்கெனவே ஓடிக்கொண்டுதானே இருப்பம்" என்றார் நல்லரெத்தினம் அண்ணன்.

ஊருக்கு அறிவிக்க வேண்டும். மீராசாஹிபு காக்கா தலையைச் சொறிந்தார். "பள்ளிவாசல் மைக்ல நாய்ட பேரச் சொல்லேலா புள்ள. கோயில் மைக்ல சொல்லுங்க. காத்து எங்கட பக்கம்தான் அடிக்கிது, கேக்கும்." ஹாஜறா ராத்தாவும் ஓட வருவாவா என்று கேட்டேன். "வருவா. விசிறிய வச்சிட்டு வரச் சொல்லியிருக்கன்."

இன்று பின்னேரம் முதல் ஓட்டம். கயிற்றை யார் பிடிப்பது என்று கேட்கத் திரும்பினேன். அப்பா அதைத் தூணில் இருந்து அவிழ்த்துக் கையில் எடுத்துவிட்டார்.

ஒரு நாள் பின்னேரமாக வாருங்கள், மாமா. பிரதான வீதியில் சனம் உங்களைப் பார்த்து ஓடி வரும், முன்னால் ஒரு பெரிய நாய் வரும். மெசினைத் திருப்பிவிடாதீர்கள். நாங்கள் சும்மா ஓடுகிறோம்.